ஏர்த் உள்ள அறை

முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தபோது சத்தியபாமா கடை விளம்பரத்தாள் ஒன்றை மடியில் விரித்து வைத்துக்கொண்டு எதையும் வாசிக்காமல் இருந்தாள். பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. யன்னலுக்கு வெளியே ஒஸ்லோவின் புறநகரான ரொம்மனில் விடிந்துதான் இருந்தது. ஆனால் அதை விடியல் என்று சொல்ல மனம் வராது. உலைநீரில் சாம்பலைக் கரைத்தது போல ஒரு நிறம், அவ்வளவுதான்.

விளக்குப் பழுதாகிவிட்டதோ என்று பதறினாள். அதற்குள் நடையிலிருந்து கணவனின் குரல் வந்தது.

“பாமா, பயப்பிடாதையும்! நான்தான் பியூசை இழுத்தனான்!”

அவள் எழுந்து பிளக்கைக் கழற்றினாள். சாப்பாட்டுத் தட்டம் அளவிலிருந்த விளக்கை அந்தச் சூட்டோடேயே தூக்கி அலுமாரிக்குள், உடுத்தாத சேலைகளுக்குப் பின்னால் செருகினாள். வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்கக் கதவடியில் வைத்த துவாயையும் எடுத்து மடித்தாள். மூன்று மாதப் பழக்கம், கை தானாகவே செய்தது.

“நிண்டிட்டுது!” என்று வரவேற்பறையிலிருந்து மகேசன் கத்தினார். “பாமா, ஓடி வாரும்! நிண்டிட்டுது!”

மேசையில் அவருடைய வானொலி கார் பற்றரி ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு மின்சாரம் முழுவதையும் நிறுத்திவிட்டுக் கேட்பதற்காக வேலையிடத்துச் சிநேகிதன் ஒருவனிடம் இரவல் வாங்கிய பற்றரி. நவம்பர் தொடக்கம் அந்த வானொலியில் ஒரு இரைச்சல். தகரப் பேணிக்குள் அடைபட்ட வண்டு மாதிரி ஒரே சுருதியில் இரைந்து, கேட்கவேண்டியதையெல்லாம் மூடிவிடும். இப்போது அது இல்லை. தூரத்துக் கடல் போன்ற மெல்லிய ஓசை மட்டும் இருந்தது.

“அப்ப எங்கடை வீட்டுச் சாமான்தான் ஏதோ ஒண்டு,” என்றார். கண்கள் பளபளத்தன. “பொறும், இப்ப பியூசைப் போடுறன். இரைஞ்சுதெண்டால் ஒவ்வொண்டாக் கழட்டிப் பிடிச்சிடலாம்.”

போட்டார். குளிர்சாதனப் பெட்டி முனகிக்கொண்டு விழித்தது. இரைச்சல் வரவில்லை. மகேசன் ஒலிபெருக்கியோடு காதை வைத்தார். வரவில்லை. அவருடைய முகம் மெல்ல மெல்ல விழுந்ததை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அட, வீடு இல்லைப் போலை. நான் இழுத்த நேரம் பாத்து வேறை எவனோ நிப்பாட்டியிருக்கிறான்.”

“நான் போய்க் குறைத் தேவாரத்தைப் படிச்சு முடிக்கிறன்,” என்றாள் பாமா.

அறைக்குள் போய்த் தாளிட்டாள். விளக்கை எடுத்துச் சொருகி ஆளியை அழுத்தினாள். வெளிச்சம் முகத்தில் அடித்த அதே கணத்தில் வரவேற்பறையில் கதிரை நகர்ந்தது.

“வந்திட்டுது! சனியன், திருப்பி வந்திட்டுது!”

அவளுடைய விரல் ஆளியிலேயே நின்றது. அணைத்தாள்.

“நிண்டிட்டுது...”

போட்டாள்.

“சீ!”

மூன்றாவது தடவை அவள் சோதித்துப் பார்க்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே அந்த மனிதர் தன் பாட்டில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். ஏச்செல்லாம் யாரைச் சேரவேண்டியது என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிறு பத்து மணி என்பது மகேசனுக்குச் சின்னராசாவின் நேரம். இருவரும் ஒரே கம்பனிக் கப்பல்களில் வானொலி அதிகாரிகளாக எட்டு வருடம் ஓடியவர்கள். கப்பல்களுக்கு வானொலி அதிகாரி தேவையில்லை என்று ஆனபிறகு மகேசன் ஒஸ்லோவில் கடிதம் பிரிக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சின்னராசா மலேசியப் பெண்ணைக் கட்டிக் கிள்ளானில் நின்றுவிட்டார். இருவருமே அமெச்சூர் வானொலிக்கு அனுமதி எடுத்துக்கொண்டு, இங்கே காலை பத்து, அங்கே பின்னேரம் ஐந்து என்று நேரம் குறித்து புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியில் தட்டிப் பேசுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் சின்னராசாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

“மெயில் எழுதலாம்தானே?” என்று ஒருமுறை பாமா கேட்டிருக்கிறாள்.

“எழுதலாம். அதிலை அவன்ரை கை இராது.”

“கையோ?”

“ஒவ்வொருத்தன் தட்டுறது ஒவ்வொரு மாதிரி. அவன் நீட்டுக் கோட்டைக் கொஞ்சம் இழுப்பான், சிரிக்கிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன், அவன்தான் எண்டு.”

மார்ச் முதல் கிழமை சின்னராசாவுக்கு இன்னொரு சத்திரசிகிச்சை. முந்தியது போல இல்லை, இது பெரிது என்று அவருடைய மனைவி எழுதியிருந்தாள். அதற்கு முன் இருந்தவை மூன்றே மூன்று ஞாயிறுகள். தை முழுதும் சின்னராசாவின் மெல்லிய சமிக்ஞை அந்த வண்டின் இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோனது. பாதிப் பெயர், பாதிச் சொல். மகேசன் தலைக்கருவியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வியர்ப்பார்.

அவர் முதலில் சந்தேகப்பட்டது தன் சொந்தப் பவர் சப்ளையைத்தான். புதிது, ஒரு றாத்தல் பாண் அளவு கனம்கூட இல்லை. இந்தக் காலத்துப் பவர் சப்ளைகள் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி இறக்குகிறவை, அந்த வெட்டுகள் அன்ரனாவில் ஏறி இரையும் என்று அவளுக்கும் விளங்கப்படுத்தினார். நிலவறையிலிருந்து பழையதைத் தூக்கிவந்தார். அம்மிக்கல்லின் கனம். இரைச்சல் போகவில்லை. பிறகு மடிக்கணினியின் சார்ஜர், தொலைபேசியின் சார்ஜர், ஹோலோஜன் விளக்குகள். குளிர்சாதனப் பெட்டியை அவர் நிறுத்திவிட்டு மறந்துபோன நாளில் ஒரு பெட்டி இறாலும் மகள் யதுர்ஷா துரொன்ஹெய்மிலிருந்து வந்தால் கொடுக்கவென்று வைத்த தோசைமாவும் கெட்டுப்போயின. வீட்டில் இருந்த ஒவ்வொரு வயரிலும் இரைச்சலை மறிக்கும் கறுத்த இரும்பு வளையங்களை மாட்டினார். படுக்கையறைக்கு மட்டும் அவர் வரவில்லை. அங்கே ஒரு மேசைவிளக்கையும் மணிக்கூட்டையும் தவிர எதுவும் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை.

வெயிலில்லாத மாதங்களில் வெயிலுக்குப் பதிலாக முகத்துக்கு நேரே வைக்கும் அந்த விளக்கு நவம்பரில் வந்தது. வைத்தியர் கொடுத்த தாளில் இருந்த நோர்வீஜியச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று அவள் பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தாள். மாரிகாலச் சோர்வு என்று வைத்துக்கொண்டாள். அந்தத் தாளில் இருந்தது அதைவிடப் பெரிய சொல். முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை, எழும்பமுடியாதவர்களை எழுப்பி இருத்துவது. கயிற்றுப் பட்டியை அக்குளுக்குள் விட்டு, தூக்கி யந்திரத்தின் கொளுக்கியில் மாட்டி, “ஒன்று, இரண்டு” என்று எண்ணிக் கதிரையில் இறக்குவாள். தன் வீட்டுக் கட்டிலில் போர்வையை விலக்க அவளுக்குச் சில காலைகளில் முக்கால் மணித்தியாலம் பிடித்தது. காலில் நோவில்லை. காய்ச்சல் இல்லை. விலக்கினால் என்ன, விலக்காவிட்டால் என்ன என்ற ஒரு பாரம், அவ்வளவுதான். விளக்கின் முன் தினமும் எழுந்தவுடன் அரை மணித்தியாலம் இருக்கத் தொடங்கியபின் அது பாதியாகக் குறைந்தது.

மகேசனுக்கு ஏன் சொல்லவில்லை? அயலிலுள்ள ஸ்தூவ்னரில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, மனநல வைத்தியரிடம் போய்வரும் ஒரு பெண்ணைப் பற்றிக் கதை வந்தது. “அவவுக்கு மண்டைக்குள்ளை வயர் ஒண்டு கழண்டு போச்சு,” என்று காரை ஓட்டியபடி அவர் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். தான் சிரித்ததைத்தான் அவளால் பிறகு மறக்க முடியவில்லை. அதனால் அரைமணித்தியாலம் தேவாரம் படிக்கிறேன், தட்டாதேயுங்கோ என்றாள். கோயிலுக்கே இழுத்துக்கொண்டு போகவேண்டிய மனைவி தேவாரம் படிப்பதில் அவருக்கு மகிழ்ச்சி.

இரைச்சல் தன் விளக்குத்தான் என்று தெரிந்த அந்தக் கிழமை அவள் அவருடைய பெட்டியிலிருந்து கறுத்த வளையம் ஒன்றைத் திருடினாள். அவர் செய்ததைப் பார்த்த நினைவில், விளக்கின் வயரை அதற்குள்ளால் விட்டு ஏழு சுற்றுச் சுற்றி, நூலால் கட்டினாள். சனிக்கிழமை விளக்கைப் போட்டுவிட்டுச் செவியைக் கொடுத்தாள்.

“இண்டைக்குக் கொஞ்சம் குறைவு பாமா!” என்று குரல் வந்தது. “ஆனா இருக்குது!”

அவளுக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது.

ஞாயிறு அவள் விளக்கைப் போடாமல் விட்டிருக்கலாம். ஒரு நாள் தவறினால் ஒன்றும் ஆகாது. பதினொரு மணிக்குப் பிந்திப் போட்டிருக்கலாம். பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கட்டிலில் இருந்தபடி இதையெல்லாம் அவள் நினைத்தாள். நினைத்துக்கொண்டே போட்டாள். அந்த இரைச்சலை அவருக்கு மாதக்கணக்காகத் தெரியும், அடிநுனி எல்லாம் தெரியும், எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அதே அளவு காலமாக இந்தக் கதவுக்கு உள்ளே இருப்பவளைப் பற்றி அந்தக் கொப்பியில் ஒரு வரி இல்லை. கத்தட்டும் என்று இருந்தது. சின்னராசாவின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அணைக்கவில்லை.

அந்த ஞாயிறுதான் மகேசன் கள்ளனைக் கண்டுபிடித்தார்.

“கேளும்,” என்று தரையைக் காட்டினார். கீழ்வீட்டிலிருந்து கீபோர்ட் ஓசை மெல்லியதாக வந்தது. “புளோறன்சின்ரை பெட்டை. பதினொரு மணிப் பூசைக்குப் போகமுன்னம் ஞாயிறு தோறும் இந்த நேரம்தான் வாசிச்சுப் பழகிறவள். என்ரை கொப்பியோடை அச்சொட்டா ஒத்துவருது. கீபோர்ட் இல்லை, அதுக்குக் கரண்ட் குடுக்கிற அடப்ரர். மலிவுச் சாமானாத்தான் இருக்கும்.”

“சனிக்கிழமையும் இரைஞ்சதெண்டனீங்கள்?”

“சனியும் பழகியிருப்பாள்.”

பாமா மேசையில் கிடந்த கொப்பியை மூடி வைத்தாள்.

“இறங்கிப் போய்க் கேளுங்கோவன்,” என்றாள் பிறகு.

“அவளின்ரை மனுசன் கிளெமென்ற் ஒரு மாதிரியான ஆள். பல்கனியிலை இருந்து பைன் மரத்துக்கு நான் வயர் கட்டேக்கையே மூஞ்சையை நீட்டினவன். முறையா எழுதிப்போடுவம்.”

குடியிருப்புச் சங்க நிர்வாகத்துக்கு நோர்வீஜிய மொழியில் ஒரு கடிதம் எழுதினார். எழுதிவிட்டு அவளிடம் நீட்டினார். “நீர்தானே ஒவ்வொரு நாளும் வேலையிலை றப்போட் எழுதிறனீர். பிழை பாரும்.”

நான்கு வரிக் கடிதம். எங்களுக்குக் கீழுள்ள வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் ‘ஸ்தொய்’ வருகிறது, அங்குள்ள கீபோர்ட்டே காரணம், தயவுசெய்து கவனிக்கவும். அவருடைய வானொலிக் கழகத்தில் ஸ்தொய் என்றால் வானொலிக்குள் கேட்கும் இந்த வண்டின் இரைச்சல். சங்கத்தாருக்கு ஸ்தொய் என்றால் ஒன்றே ஒன்றுதான். கதவடித்தல், குடிவெறிக் கூச்சல், பத்து மணிக்குப் பிறகு சுவரில் துளைபோடுதல். பாமாவுக்கு இது தெரியும். பேனா கையில் இருந்தது. ஒரு இடத்தில் விகுதி பிழையாக இருந்தது, அதைத் திருத்தினாள். கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு கீழே கீபோர்ட் கேட்கவில்லை. பாமா விளக்கின் முன் உட்கார்ந்திருந்து அந்த அமைதியைக் கவனித்தாள். ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டாள். அதற்குள் மகேசன் கொப்பியில் எழுதியாயிற்று.

பூசை முடிந்த கையோடு புளோறன்ஸ் வந்தாள். மன்னார்க்காரி, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, சப்பாத்திலிருந்து பனிச்சேறு வாசலில் சொட்டியது. கையில் ஒரு கடிதம். பாமாவின் அடுப்பில் ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது.

“வாரும் புளோறன்ஸ், இரும். சாப்பிட்டிட்டுப் போகலாம்.”

“தவக்காலம் பாமாக்கா, இறைச்சி தொடுறேல்லை. மணத்தையும் பிடிக்க வைச்சிட்டியள். அது கிடக்கட்டும்.” கடிதத்தை மேசையில் வைத்தாள். “மகேசண்ணை, இதை நீங்கள்தானே எழுதிப்போட்டனீங்கள்? பேர் போடேல்லை, ஆனா மேல்வீடு எண்டு கிடக்கு. எங்களுக்கு மேலை நீங்களும் ஆண்டவரும்தான்.”

மகேசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஞாயிறு காலைகளில் இசைக்கருவியால் அயலவருக்குத் தொல்லை, முதலாவது எச்சரிக்கை என்று அதில் இருந்தது.

“சீச்சீ, இதை நான் சொல்லேல்லை. நான் சொன்னது ஸ்தொய்...”

“ஓம், ஸ்தொய்! எங்கடை பாட்டு உங்களுக்கு இரைச்சலோ அண்ணை? உங்கடை கோயில் தேர் இழுக்கேக்கை றோட்டு முழுக்க மேளம் அடிக்கிறியள், நாங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து பாக்கிறம். நிலூஜாவை உயிர்ப்பு ஞாயிறுக்கு வாசிக்கச் சொல்லிப் பங்குச் சுவாமி கேட்டிருக்கிறார். பதின்மூண்டு வயசுப் பிள்ளை. இந்தக் கடிதத்தை எடுத்து வாசிச்சுப்போட்டு, இனித் தொடமாட்டன் எண்டு கீபோர்ட்டைக் கட்டிலுக்குக் கீழை தள்ளிப்போட்டுது.”

“தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேளும். பிள்ளையின்ரை வாசிப்பிலை பிழை இல்லை. அந்த அடப்ரர் இருக்கெல்லே, சுவரிலை கொழுவிற குட்டிப் பெட்டி, அது என்ரை றேடியோவுக்குள்ளை இரையுது. காதாலை கேக்கிற இரைச்சல் இல்லை.”

“காதாலை கேக்காத இரைச்சலுக்கோ எனக்கு வோர்னிங் வந்தது?”

மகேசன் ஓடிப்போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். சோப்புக் கட்டியளவு இருந்தது. “இஞ்சை பாரும், இந்த ஃபில்ற்றரை வாங்கி வைச்சிருக்கிறன், உமக்குத்தான். இதைப் பூட்டினால் எல்லாம் சரி. ஒரே ஒரு சோலி. இதுக்கு ஏர்த் வேணும். அழுக்கெல்லாத்தையும் இது ஏர்த்துக்குத்தான் தள்ளும். இந்தப் பழைய கட்டடத்திலை ஹோலிலையும் படுக்கிற அறையளிலையும் ஏர்த் இல்லை. குசினிக்குள்ளையும் குளிக்கிற அறைக்குள்ளையும்தான் கிடக்கு.”

“ஏர்த் எண்டால் மண்தானே அண்ணை? மூண்டாம் மாடியிலை மண் எங்கை கிடக்கு?”

“வயர், தங்கச்சி. மண்ணுக்குப் போற வயர்.”

“அதுக்கு?”

“அதுக்கு... கீபோர்ட்டைக் குசினிக்குள்ளை வைச்சு வாசிச்சால்...”

புளோறன்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “உயிர்ப்புப் பாட்டை மீன்சட்டிக்குப் பக்கத்திலை வைச்சு வாசிக்கச் சொல்லுறியள். இல்லாட்டி கக்கூசுக்குள்ளை. கிளெமென்ற் இதைக் கேட்டால் தானே மேலை வருவார், நான்தான் மறிச்சு வைச்சிருக்கிறன்.” கடிதத்தை விரலால் தட்டினாள். “அண்ணை, ஒண்டு கேக்கிறன். இண்டைக்கு என்ரை பிள்ளை வாசிக்கேல்லை. அந்த அடப்ரரும் சுவரிலை இல்லை. உங்கடை றேடியோ நல்லாக் கேட்டுதோ?”

மகேசன் பொய் சொல்லத் தெரியாதவர். கொப்பி மேசையில் திறந்தே கிடந்தது.

“இல்லை,” என்றார். “இண்டைக்கும் இரைஞ்சது. ஐஞ்சு நிமிசம்.”

இறைச்சி அடிப்பிடிக்கும் மணம் வந்தது. பாமா போய் அடுப்பை நிறுத்தினாள். முதுகு அவர்கள் பக்கம் இருந்தது. இந்த மனுசிக்கு முன்னால்தானா என்று நினைத்தாள். புளோறன்சுக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடச் சமையலறைக்குத் தெரியும், ஜெபக்கூட்டத்துக்குத் தெரியும், நாளைக்கு ரொம்மன் நிலையத்தில் ரயிலுக்கு நிற்பவர்களுக்குத் தெரியும். ஆனால் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்ட கீபோர்ட் கண்ணுக்குள் நின்றது. ஒரு விகுதியைத் திருத்திவிட்டுப் பேனாவை மூடிய தன் கையும்.

“பிள்ளையை வாசிக்கச் சொல்லும் புளோறன்ஸ்,” என்றாள். “உங்கடை வீட்டிலை ஒண்டும் இல்லை. இரையிறது என்ரை அறை.”

போய் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்குப் பின்னாலிருந்து விளக்கை வயரும் வளையமும் அது வந்த அட்டைப் பெட்டியுமாகத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள்.

“இதென்ன, எக்ஸ்ரே பாக்கிற சாமானோ?” என்றாள் புளோறன்ஸ்.

“வெளிச்சம். விண்டருக்குள்ளை எனக்கு மனம் சரியில்லாமல் போகுது. டொக்டர் தந்தது. கடிதத்திலை அந்தச் சொல் பிழையா விளங்கும் எண்டும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சும்மா இருந்தனான்.”

புளோறன்ஸ் பாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் போனதாகத் தெரியவில்லை. பிறகு மேசையிலிருந்த எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்து நான்காக மடித்தாள். “சங்கத்துக்கு நீங்களே எழுதுங்கோ அக்கா. உங்கடை கையாலை. எனக்கு ஒரு கொப்பி வேணும், பிள்ளைக்குக் காட்ட.” வாசலில் நின்று கோட்டுப் பொத்தானைப் பூட்டியவாறே, “ஏலாது எண்டால் கீழை வந்து சொல்லியிருக்கலாம். சண்டை பிடிக்கவெண்டாலும் வந்திருக்கலாம்,” என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பாமா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விளக்கைக் குப்புறக் கவிழ்த்து அதன் அடியில் ஒட்டியிருந்த சிட்டையைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்திருந்தார்.

“இலத்திரனியல் சோக்,” என்றார் பரவசத்தோடு. “நான் நினைச்சது சரி! இதுவும் வெட்டி வெட்டி விடுற சாதிதான். நாப்பதாயிரம் தரம், ஒரு செக்கனுக்கு. நவம்பரிலையே வந்தது?”

“நவம்பர்.”

“சொல்லியிருக்கலாமே பாமா. நான் மூண்டு மாதமா விசரன் மாதிரி...” வயரில் இருந்த வளையத்தைக் கண்டார். “ஆர் இதைச் சுத்தினது?”

“நான்.”

“ஏழு சுத்து! வடிவாச் சுத்தியிருக்கிறீர்.”

அவள் காத்திருந்தாள். அவர் அட்டைப் பெட்டிக்குள் இருந்த சிறிய புத்தகத்தை எடுத்து விரித்தார். நோர்வீஜியப் பக்கத்தில் அந்தப் பெரிய சொல் தடித்த எழுத்தில் இருந்தது. அவருடைய கண் அதன்மேல் போய் நின்றதை அவள் கண்டாள். ஒரு முழு நிமிடம் நின்றது. பிறகு புத்தகத்தை மூடிப் பெட்டிக்குள் வைத்தார்.

“ஃபில்ற்றரைப் பூட்டினால் நிக்கும்,” என்றார். “ஏர்த் வேணும். நீர் குசினிக்குள்ளை வைச்சு இருக்கலாம்தானே?”

அந்தக் கிழமை முழுவதும் அவர் குசினியில் வேலை செய்தார். அடுப்புக்குப் பக்கத்துச் சுவர்ப் பிளக்கில் தகரப் பெட்டியைப் பொருத்தினார். வயரை அளந்து வெட்டி, சுவரோடு பிடித்து ஆணி அடித்தார். விளக்கு வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் ஒட்டினார். எவ்வளவு தூரத்தில் இருக்கவேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்து, கதிரைக் கால் நிற்கவேண்டிய இடத்தில் ஒட்டுநாடாவால் குறி போட்டார். வேலை சுத்தமாக இருந்தது. எத்தனை வாற் என்று கேட்டார், குமிழ் எப்போது மாற்றவேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும், இந்த முறையாவது தன்னைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று பாமா நிமிர்ந்தாள். திங்கள் போய் வியாழனும் போனது. இவ்வளவு காலம் கதவைப் பூட்டி மறைத்த ஒன்றை வெளியே எடுத்து வைத்த பிறகும் அது மேசையில் வெறும் ஒரு சாமானாகவே இருந்தது. கதவு பூட்டியிருந்தபோதாவது, தெரியாது, அதனால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ள முடிந்தது.

சங்கத்துக்கு அவளே கடிதம் எழுதினாள். ஸ்தொய் என்ற சொல்லை ஒரு இடத்திலும் போடவில்லை. பிரதியைப் புளோறன்சின் தபாற்பெட்டியில் போட்டாள். பதில் எதுவும் வரவில்லை.

மார்ச் இரண்டாம் தேதி ஞாயிறு. செவ்வாயன்று சின்னராசா ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஒன்பதரைக்குப் பாமா ஒட்டுநாடாக் குறியில் கதிரையை வைத்துக் குசினியில் உட்கார்ந்தாள். விளக்கைப் போட்டாள். எண்ணெய்ப் போத்தல்களும் வடிதட்டும் அரைவாசி நறுக்கிய லீக்ஸும் அந்த வெள்ளை வெளிச்சத்தில் ஆஸ்பத்திரிச் சாமான்கள் மாதிரித் தெரிந்தன. கதவு இல்லாத குசினி. அவளுக்குத் தோளெல்லாம் கூசியது.

“ஒண்டுமில்லை!” என்று வரவேற்பறையில் மகேசன் கத்தினார். “துடைச்ச மாதிரிக் கிடக்கு பாமா! நீர் போட்டிட்டீர்தானே?”

“போட்டிட்டன்.”

“அப்பாடா!”

கீழே கீபோர்ட் கேட்டது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒரே இடத்தில் பிசகி, மறுபடி முதலிலிருந்து. பாமா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு மகேசனின் மோர்ஸ் சாவி தட்டத் தொடங்கியது. குட்டியும் நீட்டுமாக ஓசை வரும், நிற்கும். அந்த இடைவெளியில் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒருமுறை சத்தமாகச் சிரித்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. அவருக்கு இந்த ஞாயிறு கிடைத்துவிட்டது என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கூடவே, தனக்கு மட்டும் எதுவும் நடக்கவில்லை என்றும் இருந்தது. இப்படி நினைப்பது வெட்கமாகவும் இருந்தது.

பிறகு தட்டல் நின்றது. வழமையான இடைவெளியைவிட நீண்டது. கதிரை நகர்ந்தது. மகேசன் குசினி வாசலில் வந்து நின்றார். தலைக்கருவி கழுத்தில் தொங்கியது, அதன் வயர் எட்டும் மட்டும் இழுபட்டிருந்தது.

“சின்னராசா கேக்கிறான்,” என்றார். “இரைச்சல் என்னத்தாலை வந்ததெண்டு கேட்டான். லாம்ப் எண்டு சொன்னன். லாம்ப் எதுக்கு, பாமாவுக்கு என்ன சுகமில்லை எண்டு கேக்கிறான்.”

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“கேட்டுச் சொல்லுறன் எண்டன்.”

அவள் வெளிச்சத்திலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் அழுதுவிடுவாள், அல்லது போத்தலை எடுத்து எறிந்துவிடுவாள். எது என்று அவளுக்கே தெரியவில்லை.

“கிள்ளானிலை குரலில்லாத மனுசன் கேக்கிறார்,” என்றாள். “நாளையிண்டைக்கு வெட்டப் போறாங்கள், அந்த மனுசன் கேக்கிறார். நீங்கள் ஒரு கிழமையா எனக்குக் கதிரை அளந்தனீங்கள்.”

“பாமா...”

“புத்தகத்தை வாசிச்சனீங்கள்தானே? நான் பாத்தனான்.”

“வாசிச்சனான்.”

“அப்ப?”

“என்னத்தைக் கேக்கிறது எண்டு தெரியேல்லை,” என்றார். தலைக்கருவியின் வயரை விரலில் சுற்றி அவிழ்த்தார். “பிழையாக் கேட்டால் நீர் திருப்பிக் கதவைப் பூட்டிப்போடுவீர் எண்டு... வயர் எண்டால் எனக்குத் தெரியும்.”

கழுத்தில் தொங்கிய கருவியிலிருந்து பூச்சி கத்துவது போல மெல்லிய ஓசை வந்தது. சின்னராசா கூப்பிடுகிறார்.

“அவன் பாத்துக்கொண்டிருக்கிறான். இன்னும் கொஞ்ச நேரந்தான் கேக்கும், பேந்து மங்கிப்போம். என்னத்தைச் சொல்ல?”

“காலமை எழும்பேலாமல் கிடக்கு எண்டு சொல்லுங்கோ.”

“எழும்பேலாமலோ?” அவர் அவளைப் பார்த்தார். “நீர் ஒவ்வொரு நாளும் எழும்பித்தானே... அவ்வளவும்தானோ?”

“அவ்வளவு இல்லை. அவ்வளவையும் உங்களாலை தட்டேலாது.”

மகேசன் திரும்பிப் போனார். கதிரை கிரீச்சிட்டது. அவள் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடம் அந்தத் தட்டலைக் கேட்டும் ஒரு எழுத்துக்கூட அவளுக்குத் தெரியாது. நீளமாக ஏதோ தட்டினார், நின்றது, மறுபடி ஐந்தே ஐந்து தட்டல். அதன் பிறகு ஒன்றுமில்லை. விடைபெற்றுவிட்டாரோ என்று அவள் பயந்தாள்.

அவர் வந்தார். கழுத்தில் கருவி இல்லை. மேசையின் அடுத்த பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விளக்கின் பக்கவெளிச்சம் அவருடைய கன்னத்தில் விழுந்து, சவரம் செய்யாத நரைமயிரை ஒவ்வொன்றாகக் காட்டியது.

“என்ன சொன்னியள்?”

“நீர் சொன்னதைச் சொன்னன். பேந்து, பொறு எண்டன்.”

“அந்த ஆள் மங்கிப்போயிடுவாரே.”

“போவான்,” என்றார் மகேசன். அவருடைய பார்வை ஒருமுறை வரவேற்பறைப் பக்கம் போய்த் திரும்பியது. “அவன் பொறுப்பான். நீர் சொல்லும்.”

பாமா விளக்கின் ஆளியில் கையை வைத்தாள், அணைக்கவில்லை.

“இது வந்தது போன விண்டர் இல்லை,” என்று தொடங்கினாள். “அதுக்கும் முந்தின விண்டர்.”